அட்வான்ஸ் வாங்கிட்டான் சார்!

ஆள் கடத்தலுக்கு எதிரான போஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். கையில் சங்கிலி, வாயில் துணி, அழுகிற சிறுமி. ஜூலை 30 வந்தால் இதைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம். பிப்ரவரி 9 வந்தால் கலெக்டர் ஆபீஸில் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி. வாசித்து முடித்ததும் டீ!

நம்ம ஊர்க் கடத்தலுக்குச் சங்கிலி எதற்கு? ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

வேலை இல்லாத மழைக்காலத்தில் மேஸ்திரி வந்து அட்வான்ஸ் கொடுக்கிறார். குடும்பமே செங்கல் சூளைக்கு லாரி ஏறுகிறது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. புருஷன் மண் குழைக்க, பெண்டாட்டி கல் அறுக்க, பிள்ளைகள் புரட்டிக் காயவைக்கின்றன. ஆனால், பல சூளைகளில் நோட்டில் இருப்பது புருஷன் பெயர் மட்டும்தான். வாராவாரம் தரும் செலவுக்காசும் கடனில் ஏறும். சீசன் முடிவில் கூட்டிப் பார்த்தால், 'இன்னும் பாக்கி இருக்குப்பா!' கடன் கொடுத்தவரே கணக்கெழுதி, அவரே ஆடிட்டும் பண்ணுகிற முறையை நான் படித்த பி.காமில் சொல்லித் தரவில்லை.

தப்பித்து ஓடினால் ஸ்டேஷனில் புகார்: 'அட்வான்ஸ் வாங்கிட்டு ஏமாத்திட்டான் சார்.' நாமும் என்ன சொல்கிறோம்? 'வாங்கின காசுக்கு வேலை செஞ்சுதானே ஆகணும்?'

ஆக வேண்டியதில்லை! 1976-ம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, அந்தக் கடனே செல்லாது. வசூலித்தால் 3 வருடம் வரை சிறை. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவரும் முதலாளிதான். ஆசிய விளையாட்டுக்காக டெல்லியில் கட்டடம் கட்டியவர்கள் வழக்கில், 1982-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது... குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு. வறுமையின் நெருக்கடியும் பலவந்தம்தான். ஆசை காட்டி அழைத்துப்போய் அடிமையாக வைத்தால் அது ஆள் கடத்தல். 'அவன் சம்மதிச்சுத்தானே வந்தான்' என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவில் எடுபடாது.

அதே 1976 சட்டம் கலெக்டர் தலைமையில் மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழுவும் வைத்திருக்கிறது. குற்றம் நடக்கிறதா என்று தேடிப் பார்ப்பது அதன் வேலை. ஊர்வலத்தை நிறுத்திவிட்டு, சீசன் முடிகிற வாரத்தில் அந்தக் குழு சூளைக்குப் போகட்டும். இரண்டே கேள்வி: நோட்டு எங்கே? அதில் அந்தப் பெண் பெயர் எங்கே?

வீடு கட்டும் நீங்களும்தான். கல்லைத் தட்டிச் சத்தம் பார்த்து வாங்குகிறீர்களே... அறுத்தவருக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டதுண்டா?