பசுமை வளாகம்: மரக்கன்றும் சான்றிதழும் போதுமா?

நாலு மரக்கன்று, கூரையில் சூரியத் தகடு, சுவரில் ஒரு சான்றிதழ் இருந்தால் பல்கலைக்கழகம் பசுமையாகிவிடும் என்ற நம்பிக்கை இந்தியாவில் பரவலாக உள்ளது. இது தவறு. வளாகத்தின் மின்சாரமும் தண்ணீரும் குப்பையும் அங்கே வேலை செய்வோரின் கையில் இருக்கின்றன. ஆள் எடுப்பது, பயிற்சி, பணி மதிப்பீடு, வெகுமதி ஆகிய எல்லாவற்றிலும் சுற்றுச்சூழல் பொறுப்பைச் சேர்ப்பதே பசுமை மனிதவள மேலாண்மை. அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் செய்வது வீண்செலவு.

குப்பையையே எடுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு சேரும் பல்கலைக்கழகங்களும் தரம் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. விடுதி வாசலில் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வந்தன. மாணவர் மிச்சச் சோற்றை ஒன்றிலும் பாட்டிலை இன்னொன்றிலும் போடுகிறார். விடிந்ததும் இரண்டும் ஒரே சாக்கில் கொட்டப்பட்டால், குற்றம் துப்புரவுத் தொழிலாளருடையது ஆகாது. ஒப்பந்தத்தில் ‘குப்பை அகற்றுதல்’ என்று மட்டும் எழுதி, பிரிப்பதற்கான நேரமும் கையுறையும் கூலியும் தராத நிர்வாகத்தின் குற்றம் அது.

ஏசியின் கதையும் இதுவே. வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய எரிசக்தி திறன் பணியகம். கருத்தரங்கு முடிந்து காலியான கூடத்தில் 18 டிகிரியில் ஓடும் ஏசியை நிறுத்துவது யார் வேலை என்று எழுதி வைக்காதவரை, அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஆசிரியர்களுக்கு என்ன தூண்டுதல்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு அறிவியல் துறையில் 8 மதிப்பெண், மொழித் துறையில் 10. தம் துறையின் மின்கட்டணத்தைக் குறைத்தவருக்கு அந்த ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் இடமில்லை. பசுமையைப் பற்றி எழுதினால் மதிப்பெண், கடைப்பிடித்தால் கிடையாது.

தரவரிசையும் தணிக்கையும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். கணக்கெடுப்பது நல்லதுதான். ஆனால், இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய கிரீன்மெட்ரிக் தரவரிசை, பங்கேற்கும் நிறுவனங்களே தரும் தரவுகளை வைத்து மதிப்பிடுவது. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் நாக் (NAAC) குழு கேட்கும் பசுமைத் தணிக்கையும் கோப்போடு நின்றுவிட்டால், மின்கட்டணம் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

துப்புரவு ஒப்பந்தத்தில் ஒரு வரி, மின்பணியாளரின் பணிப்பட்டியலில் ஒரு வரி, பேராசிரியரின் மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு வரி: இந்த மூன்றையும் ஆட்சிமன்றக் குழுக்கள் முதலில் எழுதட்டும்.