காலடியில் ஒரு கம்ப்யூட்டர் கலை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் நாளில் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் வால்பேப்பரை மாற்றுகிறார்கள். திரையில் ஒரு பனிமலையோ கடற்கரையோ வந்து உட்காருகிறது. அடுத்து, நண்பர்கள் அனுப்பும் வேடிக்கை வீடியோக்கள், கண்ணை ஏமாற்றும் படங்கள், ஏஐ வரைந்த ஓவியங்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து "அடேயப்பா!" என்கிறார்கள். தவறில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆன பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. திரையில் பார்த்து நாம் வியக்கும் தந்திரங்களில் பல, நம் வீட்டுத் தரையிலும் வாசலிலும் ஏற்கெனவே இருக்கின்றன. புதுக் கம்ப்யூட்டரில் முதலில் ஏற வேண்டியவை அவைதான்.

நான் காரைக்குடிக்காரன். எங்கள் ஊர்த் தரையை வைத்தே இதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன சோதனை. டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'பெர்சனலைஸ்', பிறகு 'பேக்ரவுண்ட்' செல்லுங்கள். படம் திரையில் எப்படிப் பொருந்த வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஃபில், ஃபிட், ஸ்ட்ரெச் ஆகியவற்றோடு 'டைல்' என்றும் ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால், ஒரு சின்னப் படம் தரையில் கல் பதித்தது போலத் திரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

இந்த வசதி எதற்கு? 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையை ஒரே படத்தால் நிரப்பினால், சுருக்கப்படாத நிலையில் அதற்கு சுமார் 62 லட்சம் பைட் வேண்டும். 100-க்கு 100 புள்ளிகள் கொண்ட சின்னப் படத்திற்கு 30,000 பைட் போதும். மீதியைத் 'திரும்பப் போடு' என்ற ஒரே கட்டளை பார்த்துக் கொள்ளும். மெமரி குறைவாக இருந்த காலத்தில் இது பெரிய சிக்கனம்.

இதே தந்திரத்தைத்தான் ஆத்தங்குடிக்காரர்கள் கையால் செய்கிறார்கள். ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். அங்கே டைல்ஸ் செய்வதற்குச் சூளை கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உலோகச் சட்டத்தை வைக்கிறார்கள். சட்டத்திற்குள் டிசைன் அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சிமெண்ட் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டுகிறார்கள். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். கடைசியில் கண்ணாடியைப் பிரித்தால், அந்தக் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்திருக்கும்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? வேலை செய்பவர் கண்ணில் படுவது டிசைனின் பின்பக்கம். அதன் முகம் கீழே கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது. கண்ணாடியைப் பிரிக்கும் வரை முகம் தெரியாது. புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது பழகிய அனுபவம். எழுதும்போது வரிகள்தான் தெரியும். ரன் செய்தால்தான் என்ன வந்திருக்கிறது என்று தெரியும்.

தரையை விட்டு வாசலுக்கு வருவோம். எங்கள் நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு 'புள்ளி'. கோலத்திற்கும் புள்ளி. திரையில் பிக்ஸல் என்கிறோமே, அதுவும் புள்ளிதான்!

கையில் ஒரு பேப்பரும் பென்சிலும் எடுங்கள். 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வையுங்கள். புள்ளிகளைச் சுற்றிக் கம்பி வளைந்து போகும் சாதாரண சிக்குக் கோலம் போடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வொரு இடத்திலும் கம்பிகள் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். கையை எடுக்காமல் ஒரே கம்பியில் கோலம் முடிந்துவிடும். 4-க்கு 6 என்றால் இரண்டு கம்பிகள் வேண்டும். 5-க்கு 5 என்றால் ஐந்து. காரணம், பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்தி. இரண்டு எண்களின் மீ.பொ.வ. எவ்வளவோ, அத்தனை கம்பிகள். சந்தேகம் இருந்தால் 4-க்கு 5 போட்டுப் பாருங்கள்.

இதை ஆராய்ச்சியாளர்களும் விடவில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிரிதிவாசனுடன் சேர்ந்து, 1974-ல் கோலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அது வந்தது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸுக்கான ஆய்விதழில். வாக்கியத்திற்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்திற்கும் இலக்கணம் எழுதலாம், அதை வைத்துப் புதிய கோலங்களை உருவாக்கலாம் என்று காட்டினார்கள்.

ஆக, விதி தெரிந்தால் போதும், எதையும் திரும்ப உருவாக்கிவிடலாம் என்று நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை எனக்கு எங்கே உடைந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பூர்வீக வீட்டிற்குப் பங்காளிகள் பதினோரு பேர். பராமரிக்க முடியாமல் சில வருடங்களுக்கு முன் வீட்டை இடிக்கக் கொடுத்தார்கள். செட்டிநாட்டில் இது புதுக் கதை இல்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. ஆனால் பட்டியல் ஒரு பக்கம் இருக்க, இடித்த வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து கொண்டே இருக்கின்றன. இடிப்பதற்கு முன் நான் ஒரு நாள் முழுக்க நின்று அறுநூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்தேன். அது ஒரு நாள் மேஜையிலிருந்து கீழே விழுந்தது. அதோடு சரி. சாஃப்ட்வேர் இன்ஜினியர் பேக்கப் எடுக்கவில்லை என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள்.

மிஞ்சியது ஒரே ஒரு படம். பட்டாலைத் தரையின் ஒரு கல். அதை வாட்ஸ்அப்பில் தங்கைக்கு அனுப்பியிருந்ததால் தப்பித்தது. அந்தக் கல்லில் ஒரு மூலையில் கால் பூ இருக்கும். பெயின்ட்டில் அதை நான்கு முறை ஒட்டி, ஒவ்வொன்றையும் 90 டிகிரி திருப்பினேன். நடுவில் முழுப் பூ மலர்ந்தது. 'டைல்' கொடுத்ததும் திரை முழுக்க எங்கள் பட்டாலை! ஒரு கல்லிலிருந்து முழுத் தரை. பெருமையோடு அப்பத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக் கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி. அந்தத் திரும்புன கல்லு எங்கடா?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தூணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கல் மட்டும் தவறாகத் திருப்பிப் பதிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் பூ உடைந்திருக்கும். கொத்தனார் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியும், ஐயாதான் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாராம். என் அப்பாவும் அத்தைகளும், பிறகு நாங்களும், பாண்டி ஆட ஆரம்பித்தது அந்தக் கல்லில் இருந்துதான். என் திரையில் இருந்த தரையில் ஒரு தவறுகூட இல்லை. அதனாலேயே அது எங்கள் வீடாக இல்லை. தூண் எத்தனை கல் தள்ளி இருந்தது, எந்தக் கல் திரும்பியிருந்தது என்று சரியாகச் சொல்ல இப்போது யாருமில்லை. அப்பத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எனவே என் கருத்து இதுதான். 'செட்டிநாட்டுத் தரை வரைந்து கொடு' என்று ஏஐயிடம் கேட்டால் நொடியில் அழகாக வரைந்து கொடுக்கும். விதியைப் படித்துவிட்ட மெஷின் அது. ஆனால் உங்கள் வீட்டில் திரும்பியிருக்கும் கல் அதற்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும். விதியைக் கம்ப்யூட்டர் காப்பாற்றிக் கொள்ளும், விதிவிலக்கை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் கோல நோட்டு இருந்தால் பக்கம் விடாமல் படம் எடுங்கள். அடித்துத் திருத்திய பக்கங்களையும் விடாதீர்கள். தரை, கதவு, ஜன்னல் கம்பி எதுவானாலும் ஒரு துண்டை நெருக்கமாகவும், முழுவதையும் தள்ளி நின்றும் எடுங்கள். உடைந்தது, திரும்பியது, ஒட்டுப் போட்டது என்று இருந்தால் அதைத் தனியாக எடுத்து, அதன் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் பைலில் இரண்டு வரி டைப் செய்து, படங்களோடு அதே போல்டரில் சேமியுங்கள். பிறகு அந்தப் போல்டரை இன்னும் இரண்டு இடங்களில் காப்பி செய்யுங்கள். ஒன்று பென் டிரைவில், இன்னொன்று வெளியூரில் இருக்கும் சொந்தக்காரரின் கம்ப்யூட்டரில்.

அதை முடித்துவிட்டுப் பனிமலையைப் போட்டுக் கொள்ளுங்கள். அது எங்கும் போகாது.