'பியூர் வெஜிட்டேரியன்' பலகையும் ஒரு கரண்டி நெய்யும்

பால் பொருள்களை அறவே விலக்கிய தோழி ஒருவருடன் திருவனந்தபுரத்தின் 'பியூர் வெஜிட்டேரியன்' உணவகம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். "பருப்பில் நெய் சேர்ப்பீர்களா?" என்று அவர் கேட்டார். "இது சுத்த வெஜிட்டேரியன் ஓட்டல்" என்று பதில் வந்தது. பருப்பும் வந்தது, நெய்யோடு. சமையற்பொருளைப் பற்றிய வினாவுக்கு அங்கே தகுதியைப் பற்றிய விடையே கிடைத்தது.

மறுநாள், காரியவட்டம் வளாகத்துக்கு அருகே ஒரு குடும்பம் நடத்தும் சிறு கடைக்குச் சென்றோம். அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதே வினாவுக்கு அந்தச் சேச்சி வரிசையாக விடை சொன்னார்: புட்டிலும் கடலைக்கறியிலும் தேங்காய்தான், தோரனில் தேங்காய் எண்ணெய், அவியலில் தயிர் உண்டு, அது வேண்டாம், மீன் கரண்டி தனி.

வீகன் உணவு மேட்டுக்குடி மோகம் என்று ஏளனம் செய்வோரும், பாதாம்பால் விற்கும் காபிக்கடைகளையே பட்டியலிடும் வீகன் நண்பர்களும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவருமே இந்தச் சேச்சியின் அடுப்படியைக் காணவில்லை. பூசணியும் பயறும் தேங்காய்ப்பாலும் சேரும் ஓலனுக்கு எந்த இறக்குமதியும் தேவையில்லை. அடப்பிரதமனில் முந்திரி வறுக்கும் நெய்யை மாற்றினால் போதும். இந்நகரத்தார் போற்றும் போளியையும் பால்பாயசத்தையும் இழக்க நேரும், அதை மறுக்கவில்லை.

சிக்கல் சமையலில் இல்லை, சொல்லில் இருக்கிறது. 'சைவம்' ஒரு சமயத்தின் பெயர். கெமர் மொழியிலும் புலால் நீக்கிய உணவைச் சுட்டும் 'புவோஸ்' என்ற சொல், துறவு பூணுதலைக் குறிப்பதே. இச்சொற்கள் உண்பவரின் ஒழுக்கத்தைச் சுட்டுகின்றன; உண்ணப்படும் பொருளைச் சுட்டுவதில்லை. ஈழத்தமிழரின் 'மரக்கறி' பொருளைச் சுட்டுகிறது. ஆனால் 'சுத்த' என்ற அடைமொழி சேர்ந்ததும் எதிர்ச்சொல் 'அசைவம்' என்பதிலிருந்து 'அசுத்தம்' என்றாகிவிடுகிறது. அந்த அசுத்தம் மீனோடு நிற்பதில்லை. மீன் உண்ணும் மனிதர்மீதும், அவர்தம் சாதிமீதும் ஏறுகிறது. இதைச் சாதியற்ற சொல்லாகக் கருத என்னால் இயலவில்லை.

1944இல் இங்கிலாந்தில் உருவான 'வீகன்' என்ற சொல்லும் நாளை இதே தூய்மைப் பட்டமாகலாம். 2022இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் உணவுக்குத் தனி விதிமுறைகளை வெளியிட்டது. பாலை ஏற்கும் பச்சைப்புள்ளி போதாது என்பதே அதன் பொருள். அவ்விதிகள் பொட்டலங்களுக்கு உதவும். வாழையிலையில் பரிமாறும் சிறு கடைக்கு முத்திரை வேண்டாம். கரும்பலகையில் இரண்டு சொற்கள் போதும்: 'நெய் இல்லை', 'தயிர் உண்டு'.

மொழியியல் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை உணவகத்தில் "இது சுத்தமான சைவமா?" என்று கேட்காதீர்கள். "இதில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். முதல் வினா சமைப்பவரைச் சோதிக்கிறது. இரண்டாவது அவருடைய அறிவை மதிக்கிறது.