பனியைக் கேட்டுத் தேதி குறியுங்கள்

ஐந்து நாளில் நான்கு ஊர் என்று கணக்கிட்டு, காலைச் சிற்றுண்டி உட்பட இவ்வளவு ரூபாய் என்று அச்சடித்து நம்மூர்ப் பிரயாண ஏஜெண்டுகள் விற்கும் காஷ்மீர்த் திட்டங்களில், குல்மார்க்குக்கென்று ஒதுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு பகல்தான். ஸ்ரீநகரில் காலையில் கிளம்பி, சுமார் ஐம்பது கிலோமீட்டர் கடந்து, வாடகைக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியில் ஏறி இறங்கிப் படமும் பிடித்தபின், மிச்சமிருக்கிற அரைமணியில் இரண்டு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, யாரோ கையைப் பிடித்து இழுக்கப் பத்தடி நகர்ந்துவிட்டு வருவதில் ஒரு சந்தோஷம் இருக்கலாம். பனிச்சறுக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சறுக்கவே போகிறவர் மற்ற மூன்று ஊர்களையும் துறந்து, குல்மார்க்கிலேயே ஒரு வாரமாவது தங்க வேண்டும். அந்த வாரம் எது என்பதை விமானக் கட்டணமல்ல, பனிதான் நிர்ணயிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மத்தியதரைக் கடற்புறத்திலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் வானிலை அமைப்புகள் பீர் பஞ்சால் மலைத்தொடரில் மோதும்போதுதான் அங்கே பனி கொட்டுகிறது. அவை வராவிட்டால் குளிர் மட்டும் இருக்கும், பனி இராது. டிசம்பர் 21-இல் தொடங்கும் சில்லாய் கலான் என்னும் நாற்பது நாள் கடுங்குளிர்தான் பனிக்கு உத்தரவாதமான காலம் என்ற பழைய நம்பிக்கையை, 2024 ஜனவரியில் புல்வெளி வெளுக்காமல் பழுப்பாகவே கிடந்த காட்சி அசைத்துவிட்டது. 2025-இலோ, பிப்ரவரியில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பனிப் பற்றாக்குறையால் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். சர்க்காரே தேதி மாற்றுகிற இடத்தில், ஆறு மாதத்துக்கு முன்பே கிறிஸ்துமஸ் வாரத்துக்கு முழுப்பணம் கட்டிவிட்டு வானத்தை நொந்துகொள்வதில் நியாயமில்லை. ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரி முடிய உத்தேசமாக வைத்துக்கொண்டு, வானிலை அறிக்கையைப் பார்த்தபின் நாளை உறுதிசெய்வதே விவேகம்.

ஸ்கீயா, ஸ்னோபோர்டா என்ற கேள்விக்கு வருவோம். முகம் முன்நோக்க, காலுக்கொரு பலகையாகப் போகும் ஸ்கீயில் முதல் நாளே, முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டி, மெல்ல நின்று பழகிவிடலாம். தேர்ச்சி பெறத்தான் வருஷங்கள் வேண்டும். இரண்டு பாதங்களையும் ஒரே பலகையில் குறுக்காகப் பூட்டும் ஸ்னோபோர்டிலோ, முதலிரண்டு நாளும் இடுப்பெலும்பிலும் மணிக்கட்டிலும் அடி வாங்கி, அதன் பிறகே திடீரென்று பிடிபடும். ஆகையால் இரண்டு நாள் மட்டுமே உள்ளவர் ஸ்னோபோர்டைத் தொடாதிருப்பது உத்தமம். எதை எடுத்தாலும் பூட்ஸில் அலட்சியம் கூடாது: கொக்கிகளை மாட்டி முழங்காலை முன்னே சாய்த்தால் குதிகால் தூக்கக்கூடாது, விரல்களை அசைக்க முடிய வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி காலுறை போடுகிற நம்மவர் வழக்கம் ரத்த ஓட்டத்தை நெருக்கி, விறைப்பைத்தான் வரவழைக்கும். மெல்லிய கம்பளி உறை ஒன்றே போதும். ஹெல்மெட் கிடைக்காத கடையில் மற்றெதையும் வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை.

நம் தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். குல்மார்க்கில் புல்வெளியே ஏறத்தாழ 2,650 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டோலாவின் முதற்கட்டம் கொங்தூரிக்கும், 2005-இல் திறந்த இரண்டாம் கட்டம் அபர்வத் மலைத்தோளில் நாலாயிரம் மீட்டரை நெருங்கியும் கொண்டுவிடுகின்றன. டிக்கெட் வாங்கியவரெல்லாம் மேலே போகலாம் என்பதால், அங்கிருந்து சறுக்கி இறங்கவும் எல்லோருக்கும் யோக்கியதை உண்டென்று நினைத்துவிடுகிறார்கள். பனிச்சறுக்குக் காவல் குழுவின் பராமரிப்பில் உள்ள சரிவைத் தாண்டினால் கரடான மலைதான். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், மறு வருஷம் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் மாண்டது அந்த மலையில்தான். அவர்கள் பனியை அறியாதவர்களல்ல. புதியவர் கீழ்ப் புல்வெளியின் இளஞ்சரிவில், உள்ளூர் ஆசான் ஒருவரை முழுநாளுக்கு அமர்த்திக்கொண்டு பழகுவதே முறை. மத்திய சுற்றுலா அமைச்சின் பனிச்சறுக்குக் கல்வி நிலையமும் அங்கேயே இருக்கிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் களமிறங்கிய ஆரிஃப் கானும் இந்தச் சரிவுகளில் பழகியவரே.

பணம் கட்டுமுன் ஏஜெண்டிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பனியில்லாவிட்டால் அபராதமின்றித் தேதியை மாற்றித் தருவாரா? அவர் சேர்த்துத் தரும் இன்ஷூரன்ஸ், பனிச்சறுக்கில் முறியும் எலும்புக்கும் மலையிலிருந்து கீழே கொண்டுவரும் செலவுக்கும் பொறுப்பேற்குமா? சாகச விளையாட்டுகளை விலக்கும் ஷரத்து பல பாலிசிகளில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். அதைப் படித்துக்காட்ட மனமில்லாத ஏஜெண்டை விட்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம்.