முளைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?



'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று பழமொழி சொல்கிறோம். சரிதான். ஆனால் முளை தெரிந்தால் மட்டும் போதுமா? தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாமா? பாட்டு, ஓவியம், நடனம் எதுவாக இருந்தாலும், அந்த ஆள் முதலில் அம்மா அப்பாதான் என்பது என் கருத்து.

இதைச் சொன்னால் பலர், "அதுக்கெல்லாம் வசதி வேணுமே" என்கிறார்கள். ஏ.ஆர்.ரஹ்மானின் அம்மா கரீமா பேகத்தைப் பாருங்கள். 1976-ல் கணவர் ஆர்.கே.சேகர் இறந்தபோது மகனுக்கு வயது 9. வீட்டில் மிஞ்சியவை அவருடைய இசைக்கருவிகள். அவற்றை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. விற்றிருந்தால் கையில் பணம் வந்திருக்கும், வீட்டில் இசை இருந்திருக்காது. அந்த மகன்தான் 2009-ல் இரண்டு ஆஸ்கார் விருது வாங்கினார். "அவர் பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில விட்டவராச்சே" என்று நீங்கள் கேட்கலாம். அது குடும்பக் கஷ்டம். படிப்பை விடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை.

நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி 1925-ல், 7 வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். நாட்டியம் என்றாலே பலர் முகம் சுளித்த காலம் அது. ஆனால் அவருடைய அம்மா ஜெயம்மாள் பின்வாங்கவில்லை. மகள் ஆட, அவரே உட்கார்ந்து பாடினார்.

"அவங்கள்லாம் கலைக் குடும்பம், நமக்கு என்ன தெரியும்?" என்று அடுத்த கேள்வி வரும். எங்க அப்பா மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். அவருக்கு ஒரு கோடு நேராகப் போட வராது. ஆனால் மாதம் முடிந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து, "பின்பக்கம் வெள்ளையா இருக்கு, வரைஞ்சுக்கோம்மா" என்று தருவார். ஒருநாள் நான் வரைந்த மாட்டைப் பார்த்து, "ஏம்மா, காது கொம்புக்கு மேலயா இருக்கும்?" என்று கேட்டார். மறுநாளே தெருமுனையில் கட்டியிருந்த மாட்டை நின்று பார்த்தேன். காது கொம்புக்குக் கீழேதான் இருந்தது! உற்றுப் பார்க்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுத் தந்தது அந்த ஒரு கேள்விதான். அதற்கு எவ்வளவு செலவு?

பெற்றோர் இரண்டு விதமாக முளையைக் கெடுக்கிறார்கள். ஒன்று, தண்ணீரை நிறுத்துவது. எங்கள் வகுப்பில் ஒருத்தியின் ஓவிய நோட்டைப் பரண் மேல் போட்டுவிட்டார்கள், பத்தாவது முடியட்டும் என்று. நோட்டு மேலே போய்விட்டது, கணக்கு மார்க் இன்னும் மேலே போகவில்லை. இன்னொன்று, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று முளையைப் பிடுங்கிப் பார்ப்பது. மாறுவேடப் போட்டி, பாட்டுப் போட்டி என்று ஊர் ஊராக அழைத்துப்போய், பரிசு கிடைக்காவிட்டால் பிள்ளையைத் திட்டுகிறார்கள். அந்தக் குழந்தைக்குப் பாட்டே கசந்துபோகும்.

பிள்ளைகளுக்கு வேண்டியது தினமும் அரை மணி நேரம், கொஞ்சம் தாள், "இன்னிக்கு என்ன வரைஞ்ச?" என்ற ஒரு கேள்வி. அவ்வளவுதான். ஆர்வம் இன்னும் அதிகமானால் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. அரசு நடத்தும் ஓவியத் தேர்வுகள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழாவும் நடக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் கார்டைக் காட்டும்போது, எங்கள் ஓவிய நோட்டையும் ஒரு நிமிடம் காட்டுங்கள். நாங்கள் சொன்னால் விளையாட்டுப் பேச்சு என்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். பரண் மேல் இருக்கும் அந்த நோட்டு அப்போதாவது கீழே இறங்கட்டும்!

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி