அறுந்த இணைப்பும் அவசரப் பழியும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

கம்பியில்லாமலே செய்தி பறக்கும் காலம் இது. வைஃபைக்கான முதல் நெறிமுறை 1997-இல் வெளிவந்தபோது நம் வகுப்பில் ஒருவரும் பிறந்திருக்கவில்லை. இன்று அது இல்லாத அலுவலகம் அரிது. ஆனால், இணைப்பு அறுந்தால் நாம் என்ன செய்கிறோம்? பெட்டியை அணைத்துப் போடுகிறோம். அதற்கும் சரிவராவிட்டால் ஆளைத் திட்டுகிறோம். இந்த இரண்டாவது வழக்கத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பில் பதியும் வேலைக்குப் போனேன். அங்கே ஓர் அக்காவின் மடிக்கணினி மட்டும் தினமும் பாதி வேலையில் இணைப்பை விட்டுவிடும். பதிந்த வரிகள் போய்விடும். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. "உனக்கு மட்டும் எப்படியம்மா அறுகிறது?" என்றார் முதலாளி. கேள்வி நல்ல கேள்விதான்; அவரே சொல்லிக்கொண்ட விடைதான் தவறு. கவனக்குறைவு என்று முடிவாகி, அக்காவுக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கப்பட்டது. பழுது பார்க்க வந்தவரோ "சிக்னல் வீக்" என்று இன்னொரு பெட்டியை விற்றுவிட்டுப் போனார். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1, 6, 11 என்று மூன்று தடங்களே ஒன்றோடொன்று இடிக்காமல் ஓடும். பார்த்து வைக்காவிட்டால் பெட்டி கூடக் கூட இரைச்சலும் கூடும். அதை அவர் சொல்லவில்லை.

என் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். இழை அறுந்தால் தறியை நிறுத்தி, எந்த இழை, எங்கே அறுந்தது என்றுதான் முதலில் பார்ப்பார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆனாலும் இந்தப் பாடம் கல்லூரிக்கு வருமுன்பே கிடைத்தது.

அக்காவும் நானும் ஐந்து நாள், அறுந்த நேரத்தை மட்டும் ஒரு நோட்டில் குறித்தோம். எல்லாமே பகல் ஒரு மணிக்கும் இரண்டுக்கும் இடையில்! இரண்டு மூன்று நிமிடம் அறுந்திருக்கும். பிறகு தானே சரியாகும். அக்காவின் இருக்கைக்குப் பின்சுவர். சுவருக்கு அப்பால் சாப்பாட்டு அறை. அங்கே, மற்றவர்கள் வரிசையாகச் சோறு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பு.

அடுப்பின் அலைகள் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸ். அக்காவின் பழைய கணினிக்கோ 2.4 பட்டை ஒன்றுதான் தெரியும். மற்றவர்களுடையவை 5 கிகாஹெர்ட்ஸில் ஓடின. அடுப்பு நூற்றுக்கணக்கான வாட். வைஃபை பெட்டி ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே. அடுப்பிலிருந்து கசிவது மனிதருக்குக் கேடில்லாத சிறு துளிதான். ஆனால் அந்தத் துளியே அந்தக் கணினியின் காதை அடைக்கப் போதும்.

ஊகம் போதுமா? மாலை நான்கு மணிக்கு, ஒரு தம்ளர் தண்ணீரை அடுப்பில் வைத்து ஓட்டினோம். கணினி பெட்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, பதில் நின்றது. அடுப்பை நிறுத்தினோம், பதில் வந்தது. மூன்று முறையும் அப்படியே.

நம் ஆய்வகத்தில் என்ன நடக்கிறது? அளவீடு ஒத்துவராவிட்டால் பக்கத்து மேசை நோட்டைப் பார்த்து எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். சரியான விடைக்கு மதிப்பெண் உண்டு. ஏன் சரியாக வரவில்லை என்று தேடியவனுக்கு இல்லை. ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்: செய்முறைத் தேர்வில் ஐந்தே ஐந்து மதிப்பெண்ணைத் தவறிய அளவீட்டின் காரணத்தைக் கண்டவருக்கு ஒதுக்கினால் என்ன? அப்படிப் பழகியவர் நாளை ஓர் அலுவலகத்தில் அதிகாரியானால், நோட்டைப் புரட்டிப் பார்த்த பிறகே சம்பளத்தில் கை வைப்பார்.

முதலாளி மறுநாளே அக்காவின் மேசைக்குக் கம்பி இழுத்துக் கொடுத்தார். அதன் பிறகு ஒரு நாளும் அறவில்லை. பிடித்த அரை நாள் சம்பளத்தை அக்கா கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.