ஐபீஸ் மறந்துபோனால் வானம் மூடிக்கொள்ளுமா?

கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒரு பள்ளியில் இரவு வான்நோக்கல் நிகழ்ச்சி. அறுபது பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். தொலைநோக்கி வந்துவிட்டது, ஐபீஸ் பெட்டி வரவில்லை. "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

எந்த இன்னொரு நாள்? நம் ஊரில் ஜூன் முதல் டிசம்பர் வரை மேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் நம்பிக்கையான வானம். அதற்குள் முழுத்தேர்வு வந்துவிடும். இரவு எட்டு மணிக்கு வெளியே வர ஒரு பெண்பிள்ளை வீட்டில் எவ்வளவு மன்றாட வேண்டும் என்று இடைநிலை ஆசிரியராக இருந்த எனக்குத் தெரியும். வெறுங்கையோடு திரும்பியவளை மறுமுறை அனுப்புவார்களா?

மறதி யாருக்கும் வரும். மறந்தபின் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத்தான் நான் கேட்கிறேன்.

ஐபீஸ் இல்லையா? அறிவியல் அறையில் உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்குமே! தொலைநோக்கியின் குவியத் தூரம் 100 செ.மீ., கண்ணாடியுடையது 10 செ.மீ. என்றால் 10 மடங்கு பெருக்கம். ஓரத்தில் நிறம் பிரியும், கை ஆடும். ஆனாலும் நிலாவின் பெரிய பள்ளங்கள் தெரியும். ஒளியியல் பாடத்தைக் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்வதைவிட இது நன்றாகவே புரியும்.

சிவப்பு டார்ச் இல்லையா? சாதா டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் போதும், அத்தனையும் வீண். பைனாகுலருக்கு ஸ்டாண்ட் இல்லையா? கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பிடியுங்கள், வியாழனின் நிலாக்கள் தெரியும். பனி படிகிறதா? சார்ட் பேப்பரைச் சுருட்டிக் குழாயின் முன்னால் மாட்டுங்கள். வேட்டி முனையால் மட்டும் லென்சைத் துடைக்காதீர்கள்.

"எதையும் முறையாகச் செய்ய வேண்டாமா சார்?" என்பார்கள். வேண்டும். பெட்டி மூடியின் உள்பக்கம் பட்டியல் ஒட்டுங்கள், கிளம்பும்முன் சரிபாருங்கள். ஆனால் அந்த ஒழுங்கு நீங்கள் கடைப்பிடிக்க வேண்டியது. அது தவறியதற்குப் பிள்ளைக்கு ஏன் தண்டனை?

ஒரே ஒரு இடத்தில் ஒட்டுப்போடும் வேலை கூடவே கூடாது. அது சூரியன். சூரிய வடிகட்டியை மறந்தால் எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் ஈடாகாது. பார்வை போய்விடும். அட்டையில் ஊசித்துளை போட்டு, பிம்பத்தைத் தரையில் விழவைத்துப் பாருங்கள். 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தின்போது கோவையிலும் திண்டுக்கல்லிலும் ஒரு அட்டை இருந்தாலே போதுமானதாக இருந்தது.

எந்தக் கருவியும் இல்லாவிட்டாலும் கையை நீட்டி முஷ்டியை மடக்கச் சொல்லுங்கள். அது சுமார் 10 பாகை. காவலூர்ப் பக்கம் என்றால் வடக்கே அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டியும் கொஞ்சமும் அளந்தால் துருவ நட்சத்திரம்.

நிகழ்ச்சி நடத்தும் தம்பி தங்கைகளே, எது மறந்தாலும் சரி, வந்த பிள்ளையை எதையாவது பார்க்கவைத்து அனுப்புங்கள்.